கொடுத்தவர் நோக்கமும் பெற்றவர் கடனும்

யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமார் 1823ஆம் ஆண்டு ஒரு செமினறியைத் தொடங்கினார்கள். அதன் வழிவந்த யாழ்ப்பாணக் கல்லூரிக்கு 2023இல் 200 வயது நிறைந்தது. இத்தகைய ஆண்டு நிறைவு வரும்போது ஊரிலும் கொழும்பிலும் லண்டனிலும் டொரண்டோவிலும் பழைய மாணவர் கூடுகிறார்கள். சிறப்பு மலர் வெளிவரும், நினைவுப் பேருரை நடக்கும், அவற்றுக்கெல்லாம் முன்பாக நன்றி வழிபாடு நடக்கும். அந்த வழிபாட்டில் நிற்பவர்களில் கிறிஸ்தவரும் உண்டு, சைவரும் உண்டு. கிறிஸ்தவரின் நன்றிக்கு விளக்கம் வேண்டியதில்லை. சைவரின் நன்றிக்கு வேண்டும். அந்த நிறுவனத்தைத் தொடங்கியவர்கள் அவருடைய முன்னோரைச் சைவத்திலிருந்து விடுவிப்பதற்காகவே கடல் கடந்து வந்தார்கள். அதை அவர்கள் ஒருபோதும் மறைக்கவில்லை. ஒருவர் தந்ததை ஏற்றுக்கொண்டு, தந்த நோக்கத்தை மறுத்தவர், தந்தவருக்கு உண்மையாக நன்றி சொல்ல முடியுமா? அது விழா மேடையின் உபசாரமாக நின்றுவிடுமா, அறமாகவும் ஆகுமா? முடியும் என்றே நான் சொல்வேன். அந்த நன்றிக்கு ஓர் இயல்பு உண்டு. தந்தவரிடம் அதைத் திருப்பிச் செலுத்த வழியில்லை. இன்னும் பெறாதவரிடம்தான் செலுத்த முடியும். ஆண்டு நிறைவு விழாக்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான்.

முதலில் கொடுத்தவர்களின் பக்கத்தைப் பார்ப்போம். தானியல் பூவர் முதலிய அமெரிக்க மிஷனரிமார் 1816இல் யாழ்ப்பாணம் வந்தார்கள். ஏழு ஆண்டுகளில் ஒரு கல்லூரிக்கான திட்டத்தை அச்சிட்டு வெளியிட்டார்கள். ஆங்கிலத்தை நன்றாகக் கற்பிப்பது, தமிழ் இலக்கியத்தில் பயிற்சி தருவது, சிலருக்கு வடமொழியும் எபிரேயமும் சொல்லித் தருவது, கணிதமும் வானியலும் தத்துவமும் பயிற்றுவது என்று அந்தத் திட்டம் விரிந்தது. நோக்கம் ஒன்றுதான்: சுதேசப் போதகரையும், கிறிஸ்தவத்தை அறிவால் தாங்கி நிற்கும் ஒரு படித்த கூட்டத்தையும் உருவாக்குவது. வானியல் பாடமே இதற்குச் சான்று. புராணங்கள் சொல்லும் அண்ட அமைப்பு பொய் என்று காட்டிவிட்டால் அவற்றின் மீதான நம்பிக்கையும் தளரும் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். 1829இல் ஒரு சந்திர கிரகணத்தின் நேரம் பற்றி மிஷனுக்கும் உள்ளூர்ப் பஞ்சாங்கக்காரருக்கும் எழுந்த வாதம் அந்தக் கணக்கின் விளைவே. பெயர்களும் அதே கதையைச் சொல்கின்றன. மாணவர் ஒருவரின் செலவை ஏற்கும் அமெரிக்க நன்கொடையாளரின் பெயரோ அவர் விரும்பிய பெயரோ அந்த மாணவருக்குச் சூட்டப்பட்டது. ஹென்றி மார்ட்டின், சேத் பேசன், நெவின்ஸ், கரோல் என்று யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் அழைக்கப்பட்டது அப்படித்தான். பெற்றோர் இட்ட பெயருக்கு மேல் இன்னொரு பெயரை எழுதுவது சிறிய செயல் அல்ல. கொடையோடு உரிமை கோரலும் சேர்ந்து வந்ததற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை.

இனி விளைந்ததைப் பார்ப்போம். சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் நடத்திய முதல் பி.ஏ. தேர்வில் தேறியவர்கள் இருவர். சி. வை. தாமோதரம்பிள்ளை ஒருவர், கரோல் விசுவநாதபிள்ளை மற்றவர். இருவரும் வட்டுக்கோட்டையில் படித்தவர்கள். விசுவநாதபிள்ளை தமிழில் பீசகணிதம் எழுதினார். தாமோதரம்பிள்ளை கிறிஸ்தவச் சூழலில் வளர்ந்து பின்னர் சைவத்துக்குத் திரும்பினார். வீரசோழியம் (1881), தொல்காப்பியப் பொருளதிகாரம் (1885), கலித்தொகை (1887) என்று ஏடுகளைத் தேடி அச்சேற்றினார். பழந்தமிழ் நூல்கள் மறுபடி நம் கைக்கு வந்த வரலாற்றில் உ. வே. சாமிநாதையரோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர் அவருடையது. அவருடைய மகன் அழகசுந்தரம் கிறிஸ்தவராகி பிரான்சிஸ் கிங்ஸ்பெரி என்ற பெயரோடு வாழ்ந்தார். அந்தக் கிங்ஸ்பெரிதான் தேவார, திருவாசகப் பாடல்களை ஜி. இ. பிலிப்ஸ் என்பவரோடு சேர்ந்து ஆங்கிலத்தில் பெயர்த்து 1921இல் வெளியிட்டார். தந்தை ஒரு திசையிலும் மகன் மறு திசையிலும் சமயம் மாறினார்கள். இருவர் கையிலும் தமிழ் வளர்ந்தது. 1841இல் தொடங்கிய உதயதாரகை பத்திரிகைக்கு முதலில் ஆசிரியராக இருந்தவர்களும், 1886இல் பாவலர் சரித்திர தீபகத்தை வெளியிட்ட ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளையும் இதே செமினறியின் பிள்ளைகள். அவர்கள் கிறிஸ்தவராகவே நின்றார்கள். ஒரே வகுப்பறையிலிருந்து சைவத்துக்கும் கிறிஸ்தவத்துக்கும் பொதுத் தமிழுக்கும் ஆட்கள் புறப்பட்டிருக்கிறார்கள்.

இதை அமெரிக்காவிலிருந்த தலைமை எப்படிப் பார்த்தது என்பதுதான் நம் கேள்விக்கு மிக முக்கியமான சான்று. அமெரிக்க மிஷன் சபையின் செயலாளர் ரூபஸ் அண்டர்சன் 1854–55இல் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்து பணிகளைப் பார்வையிட்டார். ஆங்கிலம் படித்தவர்கள் அரசாங்க உத்தியோகத்துக்குப் போகிறார்கள், கிராமத்துச் சபைகளுக்குப் போதகராக வருவதில்லை என்பது அவருடைய கவலை. 1855இல் செமினறி மூடப்பட்டது. இலங்கையின் குடியேற்றச் செயலாளராயிருந்த எமர்சன் டெனன்ட், ஐந்தே ஆண்டுகளுக்கு முன் வெளியான தம் நூலில், அங்கே தரப்பட்ட கல்வியை ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களோடு ஒப்பிட்டுப் புகழ்ந்திருந்தார். கல்வி தோற்றதால் மூடவில்லை. கல்வி வென்று நோக்கம் தோற்றதால் மூடினார்கள். கொடைக்கும் கொடுத்த நோக்கத்துக்கும் இடையில் பிளவு விழுந்துவிட்டது என்று பிற்காலத்து ஆய்வாளர் யாரும் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியதில்லை. கொடுத்தவர்களே அதைக் கண்டு, கணக்கை முடித்துக் கதவைச் சாத்தினார்கள்.

ஆகவே நன்றியின் பொருள் எது என்று பிரித்துப் பார்க்கும் உரிமை நமக்கு உண்டு. வள்ளுவர் செய்ந்நன்றியறிதலுக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார். உதவியின் அளவைக் கொண்டு அதை மதிப்பிட வேண்டாம், பெற்றவரின் பண்பைக் கொண்டே அது மதிப்புப் பெறும் என்ற கருத்து அங்கே வருகிறது. இது ஆழமான நோட்டம். உதவி செய்த கணத்தில் அதன் பொருள் முடிந்துவிடுவதில்லை. பெற்றவர் அதை என்னவாக ஆக்கினார் என்பதில்தான் அது முழுமையடைகிறது. கல்விக்கு இது இன்னும் பொருந்தும். பணம் கொடுத்தவர் அதை எப்படிச் செலவிட வேண்டும் என்று நிபந்தனை போடலாம். நிலம் கொடுத்தவர் உறுதியில் எழுதி வைக்கலாம். ஒரு பையனுக்கு அட்சரகணிதமும், மூலபாடத்தை ஒப்பிட்டுத் திருத்தும் ஒழுங்கும் சொல்லிக் கொடுத்தவர், அந்த அறிவு இன்ன முடிவுக்கே போய்ச் சேர வேண்டும் என்று கட்டிவைக்க முடியாது. கற்றவர் அதைக் கொண்டு விவிலியத்தையும் படிக்கலாம், தொல்காப்பியத்தையும் பதிப்பிக்கலாம். கற்பித்தல் என்ற செயலே கற்பித்தவரின் கையை விட்டு விலகும் தன்மையுடையது. அந்தச் செயலைச் செய்யத் துணிந்தவருக்கு, அவர் எதை எதிர்பார்த்தார் என்பதைத் தாண்டி, நன்றி உரியது.

கொடுத்தவரே பெற்றவராக மாறிய ஒரு நிகழ்வும் இதில் உண்டு. பூவருக்குப் பின் செமினறியின் அதிபராக இருந்த ஹென்றி ஹொய்சிங்டன் இந்திய வானியலைக் கற்று 1848இல் அதுபற்றி ஒரு நூல் வெளியிட்டார். பின்னர் சிவஞானபோதம், சிவப்பிரகாசம், தத்துவக் கட்டளை ஆகியவற்றை ஆங்கிலத்தில் பெயர்த்தார். அமெரிக்கக் கீழைத்தேயவியல் கழகத்தின் இதழ் 1854இல் அவற்றை வெளியிட்டது. மெய்கண்டாரின் சிவஞானபோதத்தை ஆங்கில உலகுக்கு முதலில் கொண்டுபோனவர் சைவரை மதம் மாற்ற வந்த ஒரு மிஷனரி. மறுப்பதற்காகப் படிக்கத் தொடங்கியிருக்கலாம். படித்ததை நேர்மையாகப் பெயர்த்துத் தந்தார். சைவ சித்தாந்தம் கற்போர் அந்த உழைப்பை ஏற்பதற்கு அவருடைய மதத்தை ஏற்க வேண்டிய தேவை எழவில்லை. எதிர்த்திசையில் நடந்த இந்தக் கொடையைப் பார்த்த பிறகாவது, நோக்கத்தையும் செயலையும் தனித்தனியே நிறுக்கலாம் என்பது விளங்கும்.

இதற்கு எழும் முதல் மறுப்பு வலுவானது. தூண்டிலில் கோத்த புழுவுக்கு மீன் நன்றி சொல்ல வேண்டுமா என்று கேட்பார்கள். ஆறுமுக நாவலரின் தலைமுறை இந்தக் கேள்வியைக் கடுமையாகக் கேட்டது. ஏழைப் பிள்ளைகளுக்கு உணவும் உறைவிடமும் கல்வியும் தந்து, அதே கூரையின் கீழ் நாள்தோறும் ஜெபத்தில் உட்கார வைத்தது நியாயமா? நியாயம் இல்லை என்றே நானும் சொல்வேன். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் பசியையும் படிப்பு ஆசையையும் அவனுடைய வழிபாட்டோடு முடிச்சுப் போடுவது தவறு. அதை எந்த நூற்றாண்டின் வழக்கத்தைக் காட்டியும் சரியென்று ஆக்க முடியாது. ஆனாலும் இந்த மறுப்பு ஒரு முக்கியமான இடத்தில் தளர்கிறது. தூண்டில் மீனைக் கொல்வதோடு முடிகிறது; மிஷன் பாடசாலைகளில் படித்தவர் சிந்திக்கும் ஆற்றலோடு வெளியே வந்தார், தமக்குக் கற்பித்தவரையே எதிர்த்து எழுதவும் அவரால் முடிந்தது. நாவலரே இதற்குச் சான்று. அவர் படித்ததும் பீட்டர் பேர்சிவல் பாதிரியாரோடு விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்ததும் யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையில். 1848இல் வண்ணார்பண்ணையில் அவர் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியபோது வகுப்பு முறை, அச்சிட்ட பாடப்புத்தகம், பிரசங்கம் ஆகிய மூன்றையும் மிஷனின் கையிலிருந்தே எடுத்துச் சைவத்துக்கு ஆக்கினார். நன்றி என்பது தவற்றுக்கு வெள்ளையடிப்பதாக இருக்க வேண்டியதில்லை. பெற்றதை ஒப்புக்கொள்வதும் திணிக்கப்பட்டதை மறுப்பதும் ஒரே நாவில் இருக்கலாம். இரண்டையும் சொல்லத் துணியாத விழா மலர் வரலாறு ஆகாது.

இரண்டாவது மறுப்பு கிறிஸ்தவர் பக்கமிருந்து வரும். ஊர் பேர் தெரியாத அமெரிக்கச் சபைகளின் காணிக்கையில் படித்துவிட்டு, அவர்கள் நம்பியதை உதறிப் போனவர்களின் நன்றி வெறும் சொல் அல்லவா என்று அவர்கள் கேட்கலாம். இதற்கு விடை அவர்களுடைய வேதத்திலேயே இருக்கிறது. கடவுள் நல்லோர்க்கும் தீயோர்க்கும் ஒரேபோல வெயிலும் மழையும் தருகிறார் என்று மலைப்பிரசங்கம் போதிக்கிறது. லூக்கா எழுதிய சுவிசேஷத்தில் இயேசு பத்துக் குஷ்டரோகிகளைக் குணமாக்குகிறார். நன்றி சொல்லத் திரும்பி வந்தவன் ஒருவன், அவனும் யூதர் அந்நியனாக ஒதுக்கிய சமாரியன். வராத ஒன்பது பேரின் குணம் பறிக்கப்படவில்லை. வந்தவனிடம் உன் சமயத்தை மாற்று என்று கேட்கப்படவும் இல்லை. அருள் என்று கிறிஸ்தவர் சொல்வது கைம்மாறு கேட்காதது. கேட்டால் அது வியாபாரம். சைவமும் இதையே சொல்லும்: ஆன்மா தன்னை அறியாத காலத்திலும் இறைவன் அதற்கு உதவிக்கொண்டே இருக்கிறான் என்பது சித்தாந்தத்தின் அடிப்படை. இந்த ஓரிடத்தில் இரு சமயமும் கை கோக்கின்றன. நன்றி வழிபாட்டில் இரு தரப்பும் சேர்ந்து நிற்பதற்குப் போலித்தனம் இல்லாத ஒரு காரணம் உண்டென்றால் அது இதுவே.

அடுத்த கேள்வி மெய்யியல் சார்ந்தது. 1855இல் மூடிய செமினறியும் 1872இல் திறந்த யாழ்ப்பாணக் கல்லூரியும் ஒன்றா? இடையில் 17 ஆண்டுகள். பெயர் வேறு, பாடத்திட்டம் வேறு, நிருவாகமும் வேறு. 1872ஐத் தொடக்கமாக வைத்தால் 2022இல் 150 ஆண்டுதான் ஆகும். 200 என்று சொல்ல என்ன உரிமை? வளவும் கட்டடமும் அதேதான் என்பது போதிய விடை அல்ல. ஒரே நிலத்தில் அடுத்தடுத்து இருந்தவை எல்லாம் ஒன்றாகிவிடா. கல்லூரி மீண்டும் எழுந்ததற்குக் காரணம் செமினறியில் படித்தவர்கள். தங்கள் பிள்ளைகளுக்கும் ஓர் உயர்கல்விக்கூடம் வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள், கூடிப் பேசினார்கள், பணம் திரட்டினார்கள். மிஷன் மூடியதை மாணவர் திறக்க வைத்தார்கள். ஆக அந்த 17 ஆண்டு இடைவெளியைக் கடந்து வந்தது ஒரு கடன் உணர்வு மட்டுமே: நாம் பெற்றோம், நமக்குப் பின் வருபவர் பெறாமல் போகக் கூடாது. ஒரு கல்லூரியின் அடையாளம் அதன் சுவரிலும் சாசனத்திலும் இல்லை, இந்த உணர்வின் தொடர்ச்சியில்தான் இருக்கிறது என்பது இதனால் தெளிவாகிறது. பழைய மாணவர் இல்லாவிட்டால் 1823க்கும் 1872க்கும் உறவே இல்லை. 200 என்ற எண் அவர்கள் சம்பாதித்துக் கொடுத்தது. நம் மரபும் இதற்கு இடம் தருகிறது. மனிதன் பிறக்கும்போதே பட்டிருக்கும் கடன்களில் முனிவர்க்கான கடனும் ஒன்று. கற்பதும் கற்பிப்பதுமே அதைத் தீர்க்கும் வழி. ஆசிரியருக்குத் திருப்பித் தருவதால் அந்தக் கடன் தீராது, அடுத்தவருக்குத் தருவதால்தான் தீரும்.

இங்கேதான் எல்லாவற்றிலும் கடுமையான மறுப்பு நிற்கிறது. யார் பெற்றார்கள்? செமினறியின் மாணவர் மிகப் பெரும்பாலோர் வேளாளர் வீட்டுப் பிள்ளைகள். மிஷன் வளவில் சமைத்ததை உண்ண மறுத்த உயர்சாதிப் பிள்ளைகளுக்காக முதற்காலத்தில் வெளியே தனிச் சமையல் ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. சாதியைக் கண்டித்துப் பிரசங்கித்தவர்கள், மாணவர் வேண்டும் என்பதற்காகச் சாதிக்கு இணங்கினார்கள். பெண்பிள்ளைகளுக்கு 1824இல் உடுவிலில் தனிப் பாடசாலை தொடங்கினார்கள் என்பது பெருமைக்குரியது. ஆனால் வட்டுக்கோட்டையில் கற்பித்த அளவு வானியலும் கணிதமும் அங்கே கற்பிக்கப்படவில்லை. ஊரின் பெரும்பகுதிப் பிள்ளைகளுக்குக் கதவு மூடியே இருந்தபோது, உள்ளே போனவர்களின் பேரப்பிள்ளைகள் கூடிக் கொண்டாடுவது எப்படி அறமாகும் என்று வெளியே நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் கேட்டால், அதற்கு உபசாரமாக விடை சொல்லக் கூடாது. அவர்கள் கேட்பது சரி. அன்று பெற்றவர்கள் தம் தகுதியால் மட்டும் பெறவில்லை, பிறப்பால் கிடைத்த இடத்தாலும் பெற்றார்கள். அப்படியானால் கடன் குறையவில்லை, கூடுகிறது; அது யாருக்கு உரியது என்பதும் தெளிவாகிறது.

விவிலியத்தின் லேவியராகமம் 25ஆம் அதிகாரம் ஐம்பதாம் ஆண்டைப் புனித ஆண்டாக விதிக்கிறது. அந்த ஆண்டில் கைமாறிப்போன நிலம் பழைய குடும்பத்துக்குத் திரும்ப வேண்டும், கடனுக்காக அடிமைப்பட்டவன் விடுதலையாகித் தன் சுற்றத்தாரிடம் போக வேண்டும். கிறிஸ்தவ நிறுவனங்கள் பொன்விழா கொண்டாடும் மரபின் வேர் இங்கே இருக்கிறது. அரை நூற்றாண்டில் சமூகத்தில் சேர்ந்துவிட்ட ஏற்றத்தாழ்வைச் சரிசெய்ய ஓர் ஆண்டை ஒதுக்கினார்கள். நிறுவனத்தைப் புகழ அதில் ஒரு சொல்லும் இல்லை. இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் யாழ்ப்பாணக் கல்லூரியின் வரலாற்றில் உண்மையான நிறைவு விழா என்று சொல்லத்தக்கது எந்த மேடையிலும் நடக்கவில்லை. அங்கே பயின்று அங்கேயே கற்பித்த ஹண்டி பேரின்பநாயகமும் தோழர்களும் 1924இல் தொடங்கிய மாணவர் காங்கிரஸில் அது நடந்தது. பின்னர் வாலிபர் காங்கிரஸ் என்று பெயர் பெற்ற அந்த இயக்கத்தில் கிறிஸ்தவரும் சைவரும் சேர்ந்து உழைத்தார்கள். காந்தியை 1927இல் யாழ்ப்பாணத்துக்கு அழைத்தார்கள். தீண்டாமையையும் சீதனத்தையும் எதிர்த்தார்கள். 1930ஐ ஒட்டி எல்லாச் சாதிப் பிள்ளைகளும் வகுப்பில் சமமாக உட்கார வேண்டும் என்ற சமாசன முயற்சி எழுந்து, அதற்கு எதிராகச் சில பள்ளிக்கூடங்களுக்குத் தீ வைக்கப்பட்ட நாள்களில், அவர்கள் சமாசனத்தின் பக்கம் நின்றார்கள். தாம் இருந்த வாங்கில் இன்னொருவருக்கும் இடம் கேட்டுப் போராடியதுதான் அந்தக் கல்லூரி தன் மாணவரிடம் வசூலித்த மிக உயர்ந்த நன்றி.

அப்படியானால் மேடையும் மலரும் பழைய தோழரைக் காணும் மகிழ்ச்சியும் வீண் என்று சொல்கிறேனா? இல்லை. போரும் இடப்பெயர்வும் சிதறடித்த ஒரு சமூகத்தில், ஒரே வகுப்பில் இருந்தவர்கள் முப்பது நாற்பது ஆண்டுக்குப் பின் ஒருவரையொருவர் காண்பதே பெரிய ஆறுதல். அந்தக் கூட்டம் இல்லாமல் எந்தக் கடனையும் நினைவுபடுத்த முடியாது. நான் கேட்பது கூட்டம் முடிந்த பிறகு நடக்க வேண்டியதைப் பற்றி. புலம்பெயர்ந்த பழைய மாணவரின் நன்கொடை பெரும்பாலும் மண்டபத்துக்கும் பெயர்ப் பலகைக்கும் போகிறது. பெயர் பொறிக்கும் ஆசையில் நன்கொடையாளர் தம்மை அறியாமலே 1823இன் வழக்கத்துக்குத் திரும்புகிறார். அன்று பிள்ளையின் மேல் எழுதியதை இன்று சுவரின் மேல் எழுதுகிறோம். கட்டடம் தேவைப்படும் இடத்தில் கட்டட்டும். ஆனால் முதல் பங்கு, அந்த வாசலுக்குள் இதுவரை எவரும் போயிராத குடும்பத்துப் பிள்ளைக்குப் போக வேண்டும். 1960களில் அரசு பாடசாலைகளைப் பொறுப்பேற்றபோது தனித்து நின்ற கல்லூரி இது. தன் செலவைத் தானே தேட வேண்டிய இடத்தில் ஏழைப் பிள்ளையின் இடம்தான் முதலில் சுருங்கும்.

எனவே அடுத்த நிறைவு விழாவுக்குப் பணம் சேர்க்கும் பழைய மாணவரிடம் ஒரு வேண்டுகோள். அந்தக் கல்லூரியைச் சுற்றியுள்ள ஊர்களில், தலைமுறைகளாகப் படிப்பு மறுக்கப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகளுக்கு, தங்குமிடமும் உணவும் புத்தகமும் உட்பட முழுப் படிப்புச் செலவையும் ஏற்கும் நிதி ஒன்றை நிறுவுங்கள். அந்தப் பிள்ளை எந்தச் சமயம் என்று கேட்காதீர்கள். அவன் அல்லது அவள் படித்து முடித்து என்னவாக வேண்டும் என்று விதிக்காதீர்கள். உங்கள் பெயரை அந்தப் பிள்ளையின் பெயருக்கு அருகில் எங்கும் எழுதாதீர்கள்.